சாய்ந்த மேசையில் எர்னி கோவாக்ஸ்

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் எர்னி கோவாக்ஸின் சாய்ந்த மேசைக் காட்சியை வீட்டில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்த ஜனவரியில் இறங்கிவிட்டேன். பாதிதான் முடிந்திருக்கிறது.

கோவாக்ஸ் 1950இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொலைக்காட்சிக்கு வந்தவர். அடர்த்தியான மீசை, எப்போதும் கையில் சுருட்டு. கண்ணாடியின் மேலேயே கண்களை வரைந்து, நெற்றியில் முடியைச் சுருட்டிவிட்டு, பெர்சி டவ்டான்சில்ஸ் என்ற கவிஞராகக் குழைந்து குழைந்து கவிதை படிப்பார். அந்தப் பெர்சிக்காகவே நான் அவர் ரசிகன் ஆனேன்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது 1957 ஜனவரி 19 அன்று என்பிசி தொலைக்காட்சியில் வந்த அரைமணி நேர நிகழ்ச்சி. வசனமே கிடையாது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஆலிவ் காய்களை மேசையில் வைப்பார். அவை உருண்டோடிப் பக்கத்தில் பேப்பர் படிப்பவரின் மடியில் விழும். பிளாஸ்கைக் கவிழ்த்தால் பால் கோணலாகப் போய்க் கோப்பைக்கு வெளியே கொட்டும். நமக்கோ மேசை மட்டமாகத்தான் தெரியும். உண்மையில் செட்டையே சாய்த்துக் கட்டி, கேமராவையும் அதே அளவு சாய்த்திருந்தார்கள்.

என்னுடையது 120 சென்டிமீட்டர் நீள ப்ளைவுட் பலகை. ஒரு முனைக்கு அடியில் மூன்று செங்கல் வைத்தேன். 11 பாகைச் சாய்வு கிடைத்தது. போதவில்லை, கை தவறி ஊற்றியதுபோல இருந்தது. நான்காவது செங்கல் வைத்ததும் 14.5 பாகை. இப்போது 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஊற்றினால் பால் 5 சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது. பார்த்தவுடன் கண் நம்ப மறுக்கிறது!

போனைத் தனி ஸ்டாண்டில் வைத்துச் சாய்வைப் பொருத்துவதற்குள் ஒரு மாலை போய்விட்டது. அப்புறம்தான் பலகையிலேயே ஒரு ரீப்பர் கட்டையை முன்னால் நீட்டி அடித்து, அதில் போனைக் கட்டலாம் என்று தோன்றியது. இனி செங்கல்லை எத்தனை முறை மாற்றினாலும் போனும் கூடவே சாயும்.

பின்னணிக்கு முதலில் போர்வை தொங்கவிட்டேன். அதன் மடிப்புகள் நேராகத் தரையை நோக்கி விழுந்து சாய்வைக் காட்டிக்கொடுத்தன. தொங்கும் எதுவும் கூடாது. தெர்மோகோல் அட்டையைப் பலகைக்குச் செங்குத்தாக நிறுத்தினேன். எவர்சில்வர் டம்ளர் வழுக்கியதால் அடியில் இருபக்க டேப். ஆலிவுக்குப் பதில் நெல்லிக்காய். அரைநெல்லி வேண்டாம், அதன் வரிகளால் தத்தித் தத்திப் போகிறது. பெருநெல்லி அழகாக உருள்கிறது.

கைகள் மட்டும் தெரியும் காட்சி 9ஆவது தடவையில் சரியாக வந்தது. கஷ்டம் அதற்கப்புறம்தான். தம்பியை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தேன். திரையில் நிமிர்ந்து தெரிய வேண்டுமானால் அவன் நிஜத்தில் 14.5 பாகை சாய்ந்தே உட்கார வேண்டும். அரை நிமிடத்தில் உடம்பு தானாக நேராகிவிடுகிறது. "இடுப்பு விட்டுப்போச்சுண்ணே" என்று எழுந்துவிட்டான். நானும் உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பில் வலி ஏறும்போது முகத்தில் ஒன்றுமே தெரியாமல் ஒரு காயை எடுத்து வைப்பது எவ்வளவு பெரிய வேலை! கோவாக்ஸ் அதை ஏதோ மதியச் சாப்பாடு சாப்பிடுகிற மாதிரி செய்துவிட்டுப் போகிறார். இத்தனை வருடம் கேமரா தந்திரத்தைத்தான் வியந்திருக்கிறேன். அந்த முதுகைக் கவனித்ததே இல்லை.

1962 ஜனவரி 13 அன்று கார் விபத்தில் போய்விட்டார். 43 வயது நிறையப் பத்து நாள் இருந்தது. அவருடைய நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்த நாடாக்கள் அழிக்கப்படுவது தெரிந்து, மனைவி ஈடி ஆடம்ஸ் மிச்சமிருந்தவற்றைத் தன் காசு போட்டு வாங்கிக் காப்பாற்றினார். அந்த அம்மா இல்லாவிட்டால் எனக்கு இந்த மேசையே தெரிந்திருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் நாற்காலிக்கு ஒரு பக்கம் கட்டை கொடுத்துப் பார்க்கப் போகிறோம். பேப்பர் படிக்கிறவராக உட்கார அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார்.