முற்றுப்புள்ளி எங்கே விழுந்தது?

கோபோல் என்ற பழைய நிரல்மொழியில் எழுதியதை ஜாவாவுக்கு மாற்றும் வேலையில் ஆளைத் திணறடிப்பது பெரிய பெரிய சூத்திரங்கள் இல்லை. ஒரு இஃப், அதாவது 'இப்படி என்றால் இதைச் செய்' என்ற நிபந்தனை, எங்கே முடிகிறது என்பதுதான்.

இஃபை மூடும் எண்ட்-இஃப் என்ற சொல் வந்ததே கோபோலின் 1985 தரத்தில்தான். அதற்கு முன் எழுதியவற்றில் இஃபை மூடுவது முற்றுப்புள்ளி. உள்ளுக்குள் எத்தனை இஃப் அடுக்கியிருந்தாலும் அந்த ஒற்றைப் புள்ளி அத்தனையையும் மூடிவிடும். வரிகளை எவ்வளவு அழகாக உள்தள்ளி எழுதியிருந்தாலும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு அது பொருட்டே இல்லை. உள்தள்ளலை வைத்தே அடுக்கைப் பிரிக்கும் பைத்தானில் பழகிய கண்ணுக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

ஒரு வங்கிக் கணக்கு புரோகிராமில் பார்த்தது இது. குறிப்பிட்ட வகைக் கணக்கு என்றால் விகிதத்தை மாற்று என்று ஒரு இஃப், கடைசியில் புள்ளி. அடுத்த வரி இடது பக்கம் தள்ளி, கட்டணம் பிடிக்கும் பகுதியை ஓட்டச் சொல்லும் பெர்ஃபார்ம் கட்டளை. யார் படித்தாலும் கட்டணம் எல்லாருக்கும் என்றுதான் சொல்வார்கள். அணியில் இருந்த தம்பியும் அப்படித்தான் ஜாவாவில் இஃபின் அடைப்புக்குறியைக் கட்டணத்துக்கு முன்பே மூடினான். ஒப்பிட்டு ஓட்டியபோது பழைய வெளியீட்டில் அந்த ஒரு வகைக்கு மட்டுமே கட்டணம்!

மாறியின் பெயர் நீண்டுபோய், புள்ளி 73ஆவது நெடுவரிசைக்குத் தள்ளப்பட்டிருந்தது. பஞ்ச் கார்டு காலத்து வடிவத்தில் 72க்கு அப்புறம் இருப்பதைக் கம்பைலர் படிக்காது. ஆக, பெர்ஃபார்மும் இஃபுக்குள் போய்விட்டது. ஐபிஎம் கம்பைலர் நிரலை வரிவரியாக அச்சிட்டுத் தரும் லிஸ்டிங்கில் எஸ்எல் என்ற பத்தியில் ஒவ்வொரு வரியும் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று எண் இருக்கும். பெர்ஃபார்ம் வரிக்கு நேராக 1, அதாவது இஃபுக்குள்.

"அண்ணா, அப்போ நம்ம ஜாவாதானே சரி?" என்றான். எழுதியவர் நினைத்தது அதுவாக இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர்கள் இத்தனை வருடம் பார்த்தது வேறு கணக்கு. பழைய நடத்தையை அப்படியே கொண்டுவந்து, பிசகைத் தனியாக எழுதிக் கேட்பதுதான் முறை என்பேன். சத்தமில்லாமல் திருத்துவது நம் வேலை இல்லை.

கோபோலின் நெக்ஸ்ட் சென்டன்ஸ் என்ற கட்டளை இன்னொரு தலைவலி. அதை, எதுவும் செய்யாத கோபோல் கட்டளையான கன்டின்யூ மாதிரி நினைத்து, ஜாவாவில் அந்த இடத்தைக் காலியாக விடுபவர்கள் உண்டு. அது எண்ட்-இஃபைத் தாண்டி, அடுத்த முற்றுப்புள்ளிக்கே குதிக்கும். இடையில் இருபது வரி இருந்தால் இருபதும் போச்சு. இப்போது யாராவது கோபோல் கோப்பை நீட்டினால், நிரலைப் படிக்கும் முன் லிஸ்டிங்கைத்தான் கேட்கிறேன்.