பங்காக வரும் பணம்

திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக உரிம ஒப்பந்தங்களை, அதாவது ஒரு கம்பனியின் கண்டுபிடிப்பை இன்னொரு கம்பனி பயன்படுத்த அனுமதிக்கும் ஒப்பந்தங்களை, படித்துக் குறிப்பெழுதுவது என் வேலை. பெரும்பாலும் அமெரிக்க உயிரித் தொழில்நுட்பக் கம்பனிகளின் ஒப்பந்தங்கள். கோடையில் நியூயோர்க் சந்தை திறக்கும்போது இங்கே இரவு 7 மணி. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வேலை சூடுபிடிக்கும்.

மைல்கல் கொடுப்பனவு (குறித்த கட்டத்தை எட்டும்போது கொடுக்கும் தொகை), ரோயல்டி (விற்பனையில் ஒரு வீதம்) எல்லாம் ஒரு வாசிப்பில் பிடிபட்டுவிடும். ஒப்பந்தத்தில் கம்பனிப் பங்கு என்று வந்துவிட்டால் நான் நின்றுதான் வாசிப்பேன். முதலில் பார்ப்பது, யார் யாருக்குப் பங்கு கொடுக்கிறார்கள் என்பது. 2020 பெப்ரவரியில் பயோஜன் என்ற பெரிய அமெரிக்க மருந்துக் கம்பனி, சங்கமோ என்ற சிறிய மரபணு மருத்துவக் கம்பனியிடம் உரிமம் வாங்கச் செய்த ஒப்பந்தத்தில் தொடக்கத் தொகை 350 மில்லியன் டொலர் என்று சொல்லப்பட்டது. அதில் உரிமக் கட்டணம் 125 மில்லியன்தான். மிச்சம் 225 மில்லியனுக்குச் சங்கமோவின் புதிய பங்குகளை, ஒன்று 9.21 டொலர் வீதம், பயோஜன் வாங்கியது. இரண்டும் காசுதான். ஆனால் இரண்டாவது காசுக்காகச் சங்கமோ தன் உடைமையிலேயே ஒரு பகுதியைக் கொடுத்தது. கூட்டு 2023இல் முறிந்தது. கூட்டு முறிந்துவிட்டது என்பதற்காக, வெளியிட்ட பங்குகள் தானாகத் திரும்பி வருவதில்லை.

எங்களோடு வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி, திருக்கடலூர் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, ஒருநாள் கேட்டாள்: “சந்தை விலையைவிடக் கூடக் குடுத்து ஏன் அண்ணா பங்கு வாங்குறாங்கள்?” நான் வாயெடுக்க முன்னமே அவளே சொன்னாள்: “சம்மாட்டி முதலாளி வள்ளத்தில கூடின விலைக்குப் பங்கு எடுக்கிற மாதிரியோ? கூடக் குடுத்த காசு வள்ளத்துக்கில்லை, மீனுக்கு.” அமெரிக்கக் கணக்கியல் செய்வதும் இதைத்தான். பங்கின் நியாயமான பெறுமதிக்கு மேலே வந்த தொகையை உரிமத்துக்கான விலையோடு சேர்த்துப் பார்க்கும். கொஞ்சக் காலம் விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் தடை இருந்தால், பங்கின் பெறுமதியை அதற்கேற்பக் குறைத்துக் கணிப்பதும் முன்பு இருந்தது.

மற்றப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். உரிமம் வாங்கும் சின்னக் கம்பனி, கையில் காசில்லாமல் தன் பங்குகளையே கொடுக்கும். “20 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குகள்” என்று எழுதியிருந்தால், விலை 10 டொலராக இருக்கும்போது 2 மில்லியன் பங்கு. விலை 5க்கு இறங்கினால் 4 மில்லியன் பங்கு, அந்தச் சுமை பழைய பங்குதாரர் தலையில். “2 மில்லியன் பங்குகள்” என்று எழுதியிருந்தால், அதே சரிவில் உரிமம் கொடுத்தவருக்குக் கிடைப்பது 10 மில்லியன் டொலர்தான். டொலர் தொகையைப் பங்கு எண்ணிக்கையாக மாற்ற எந்த நாட்களின் சராசரி விலையை எடுப்பது என்பதும் அதேயளவு பெரிய விஷயம். அந்த நாட்கள் அறிவிப்புக்குப் பிறகு வந்தால், ஒப்பந்தச் செய்தியே விலையை ஏற்றிவிடக்கூடும், அப்போது கிடைக்கும் பங்கு குறையும். கண்டுபிடித்தவர்களின் உழைப்புக்கான விலை ஒரு திகதியில் கரைந்துபோவதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பாது.

அண்மையில், டொலர் தொகைக்குப் பங்கு கொடுக்கும் ஒப்பந்த வரைவு ஒன்றை அந்தத் தங்கச்சியும் நானும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையின் விதிப்படி, அண்மைய சந்தை விலையை வைத்துக் கணிக்கும் குறைந்தபட்ச விலைக்குக் கீழே, பொது விற்பனையாக இல்லாமல், ஏற்கெனவே உள்ள பங்குகளில் 20 சதவீதமோ அதற்கு மேலோ வெளியிடுவதென்றால் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும். அதனால் 19.99 சதவீதத்தில் வரம்பு போடுவது வழக்கம். அந்த வரைவிலும் வரம்பு இருந்தது. அவள் பென்சிலால் அந்த வரியின் கீழே கோடு போட்டு, “மிச்சம்?” என்று எழுதினாள். விலை விழுந்து வரம்பு முட்டினால், கொடுபடாத மிச்சம் காசாக வருமா, ஒப்புதல் வரும்வரை நிற்குமா, இல்லாமலே போய்விடுமா என்று ஓரிடத்திலும் இல்லை. எங்கள் வாடிக்கையாளர் பங்கு பெறும் பக்கம். அவளுடைய கேள்வியை அப்படியே குறிப்பின் முதல் வரியாக வைத்து வழக்கறிஞருக்கு அனுப்பினோம். அடுத்த வரைவில், மிச்சத்தை 30 நாட்களுக்குள் காசாகக் கொடுக்க வேண்டும் என்ற பிரிவு சேர்ந்திருந்தது.