மூன்று நாள், 7,000 ரூபாய், பாப்பாவோடு கடலோரம்

மே 13, செவ்வாய், மதுரை

அழகர் நேற்று வைகையில் இறங்கிவிட்டார். அவரைப் பார்க்காமல் எங்கேயும் வர மாட்டேன் என்று அம்மா சொல்லியிருந்ததால் பயணம் நாளைக்குத் தள்ளிப்போனது. நான், அம்மா, நாலரை வயது பாப்பா, மூன்று பேர்தான். வீட்டுக்காரருக்குக் கடையை விட்டு வர முடியாது. ஓட்டப்போவது நான். இதுவரை திருச்சியைத் தாண்டித் தனியாக ஓட்டியதில்லை, அதனால் மனதுக்குள் ஒரு படபடப்பு இருக்கிறது.

கொடைக்கானல் போகலாம் என்றுதான் முதலில் பேசினோம். மலைக்கு வண்டியில் போக வேண்டிய இ-பாஸ் எடுப்பது பெரிய காரியமில்லை. ஆனால் மே மாதத்தில் அறை வாடகையைக் கேட்டபோது, இரண்டு ராத்திரிக்கே எங்கள் மொத்தக் காசும் போய்விடும் என்று தெரிந்தது. கையில் இருப்பது 7,000. அக்னி நட்சத்திரத்தில் கடல் பக்கம் போவதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மதியத்தில்தான் வெயில் கொல்லும், விடிகாலையில் கடற்கரைச் சாலை மாதிரி சுகம் வேறெங்கும் இல்லை. காலை 11 மணியிலிருந்து மாலை மூன்றரை வரை வண்டி எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டியாயிற்று. அம்மா புளியோதரை கிளறிக்கொண்டிருக்கிறார். தயிர்சாதத்தில் தயிரைக் குறைத்துப் பாலை நிறைய விட்டுப் பிசைந்தால் மதியம்வரை புளிக்காது. இரண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்., பாப்பாவுக்கு ஐந்து ஜோடி துணி. ஒன்று அதிகமாக இருக்கட்டும் என்று அம்மா ஆறாவதையும் வைத்துவிட்டார்.

மே 14, புதன், ராமேஸ்வரம்

நாலரைக்குக் கிளம்பினோம். தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவைத் தூக்கிப் பின்சீட்டில் அவளுடைய சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டேன். கண்ணைத் திறந்தபோது மானாமதுரை வந்திருந்தது.

மானாமதுரையில் நிறுத்தியது அம்மாவின் பிடிவாதம். மண்பானைக்குப் பேர்போன ஊரைத் தாண்டிப் போகும்போது பாட்டில் தண்ணீர் வாங்குவதா என்றார். மூடியோடு ஒரு மண்கூஜா, 150 ரூபாய். "இன்னைக்கு முழுக்கத் தண்ணி ஊத்தி ஊறவைங்கம்மா, நாளைக்குக் குடிங்க" என்றார் கூஜா விற்றவர். தண்ணீர் ஊற்றியதும் புது மண் வாசம் கிளம்பியது. பாப்பா மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்துவிட்டு, "மழை வாசம் அடிக்குது அம்மாச்சி" என்றாள். அதற்கப்புறம் கூஜா அவள் காலடியில் ஈரத்துண்டு சுற்றி உட்கார்ந்துகொண்டது.

பரமக்குடி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெட்ரோல் போடுகிறோமோ இல்லையோ, பங்கில் கழிப்பறையும் குடிநீரும் காசில்லாமல் கிடைக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, பாப்பா கேட்டாலும் கேட்காவிட்டாலும் நிறுத்தினேன்.

பாம்பனில் எங்களுக்குக் கொடுப்பினை இருந்தது. சாலைப் பாலத்தில் ஏறும்போதே வலது பக்கம்... இல்லை, தப்பு, போகும்போது ரயில் பாலம் இடது கைப்பக்கம்தான் வரும். பாப்பா உட்கார்ந்திருந்ததும் அந்தப் பக்கம்தான். புதுப் பாலத்தில் ஒரு ரயில் மெதுவாக ஊர்ந்து வந்தது. பக்கத்திலேயே 1914-இல் கட்டிய பழைய பாலம், ரயில் இல்லாமல் துருவேறி நின்றது. முன்பெல்லாம் அது கப்பல் வந்தால் இரண்டு கையை விரிக்கிற மாதிரி நடுவில் பிளந்து திறக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே ஏறும். அதைச் சொன்னதும், "பாலத்துக்கு லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை ராத்திரிவரை பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டாள்.

அறை ஒரு மடத்தில், ஏ.சி. இல்லாமல் 700 ரூபாய். மின்விசிறியும் தண்ணீரும் நன்றாக இருந்தன. மதியம் புளியோதரை, அப்புறம் மூன்று பேருக்கும் நல்ல தூக்கம்.

மூன்றரைக்கு தனுஷ்கோடி. அரிச்சல்முனையில் சாலை முடிகிற இடத்தில் அசோகத் தூண் நிற்கிறது, அதைத் தாண்டி மணலும் தண்ணீரும்தான். ஒரு பக்கம் குளம் மாதிரிக் கிடக்கிறது கடல். இன்னொரு பக்கம் தென்மேற்குக் காற்றில் அலை எழும்பி எழும்பி விழுகிறது. அமைதியானது பெண்கடல், ஆர்ப்பரிப்பது ஆண்கடல் என்று மீனவர்கள் சொல்வார்கள். பாப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி கடல் எது?" என்றாள். குளிக்க விடவில்லை. சுழல் உள்ள இடம், காலை நனைத்ததோடு சரி.

திரும்பும் வழியில் இடிந்த தேவாலயத்தின் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றார். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் இந்த ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் கடலோடு போனது. அப்போது அம்மாவுக்கு ஆறு வயது. அந்த ரயிலைப் பற்றித் தாத்தா ரேடியோவில் கேட்டுவிட்டு அழுததை இன்றுதான் முதல் முறையாகச் சொன்னார். நாற்பது வருடமாக அவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன், இதை நான் கேட்டதே இல்லை.

ராத்திரி கோயில் பிரகாரம். 1,212 தூண் என்பார்கள். பாப்பா எண்ண ஆரம்பித்தாள். இருபத்தொன்பதுக்கு அப்புறம் இருபத்திப்பத்து, இருபத்திப்பதினொன்று என்று போனது. நானும் திருத்தவில்லை. குளிர்ந்த கல்தரையில் வெறுங்காலோடு அவள் ஓடிய ஓட்டத்துக்கே இந்தப் பயணத்தின் பாதிக் காசு தகும்.

மே 15, வியாழன், திருச்செந்தூர்

இன்றைய நாளை முழுசாக எழுதி வைக்க வேண்டும்.

ஐந்து மணிக்கே ராமேஸ்வரத்தை விட்டுவிட்டோம். ராமநாதபுரம் வந்து தெற்கே திரும்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால், ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி. சாயல்குடி நெருங்கும்போது இரண்டு பக்கமும் பனை, பனை, பனை. சாலையோரம் ஓலைக்கொட்டகை போட்டு ஒரு ஐயா பதநீர் வைத்திருந்தார். மணி ஏழரை. "சீக்கிரம் வந்துட்டீங்க தாயி, வெயில் ஏறுனா பயினி தீந்துரும்" என்றார். பதநீரை அங்கே பயினி என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு குருத்தோலையை எடுத்தார். இரண்டு கையாலும் விரித்து, நடுவில் குழித்து, நுனியைச் சேர்த்து ஒரு முடிச்சு. பட்டை தயார். அதில் பதநீரை ஊற்றி, நுங்கைக் கீறிப் போட்டுப் பாப்பாவின் கையில் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தையே உள்ளே புதைத்தாள். மூக்கு நுனியில் நுரை. ஓலையின் பச்சை வாசமும் பதநீரின் இனிப்பும் கலந்து வருகிற அந்த முதல் வாயை எந்த டம்ளரும் தராது. பானைக்குள் சுண்ணாம்பு தடவி வைப்பதால்தான் இது புளிக்காமல் பதநீராக இருக்கிறது, தடவாவிட்டால் கள் என்று ஐயா விளக்கினார். ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவீர்கள் என்று கேட்டேன். "இப்ப வயசாயிருச்சு தாயி, இருபதுதான். காலையில ஒருதரம், சாயந்தரம் ஒருதரம்." அவருடைய உள்ளங்காலையும் நெஞ்சையும் பார்த்தேன், காய்த்துப்போய் மரப்பட்டை மாதிரி இருந்தன. நாற்பது ரூபாய்க்கு ஒரு பட்டை. யாரும் அங்கே பேரம் பேசாதீர்கள்.

நுங்கு வாங்கினோம். மூன்று கண்ணையும் கட்டைவிரலால் நோண்டி உறிஞ்சக் கற்றுக்கொடுத்தது அம்மாச்சிதான். சட்டை முழுக்க நுங்குத் தண்ணீர். அந்த ஆறாவது ஜோடி துணி இங்கே உதவியது.

அப்புறம் அம்மா ஒரு காரியம் செய்தார். தின்று போட்ட நுங்குக் கூடுகளில் ஒரே அளவில் இரண்டைப் பொறுக்கி, ஒரு சாண் நீளக் குச்சியை இரண்டுக்கும் நடுவே குத்திச் செருகினார். "ஐயா, ஒரு கவட்டைக் கம்பு கிடைக்குமா?" என்று கேட்க, அவர் பாளை அரிவாளாலேயே ஒரு கம்பை வெட்டி, கவட்டையைச் செதுக்கிக் கொடுத்தார். குச்சியின் நடுவில் கவட்டையை வைத்துத் தள்ளினால் ஓடும். நுங்கு வண்டி! நான் சின்ன வயதில் பெரியகுளம் சித்தி வீட்டில் ஓட்டியது. என் மகளுக்கும் இப்படி ஒன்று உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பாப்பா அதைத் தள்ளிக்கொண்டு செம்மண்ணில் ஒரு ஓட்டம், திரும்பி ஒரு ஓட்டம். பின்னால் இரண்டு சக்கரத் தடம் ஓரமாக வளைந்து வளைந்து போனது. முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். திட்டத்தில் அந்த முக்கால் மணி நேரம் இல்லை, போனால் போகட்டும் என்று நானும் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

வேம்பார் தாண்டி உப்பளம் தொடங்கியது. கோடை முழுக்க உப்பு விளைகிற காலம், பாத்தி பாத்தியாகக் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அம்பாரமாகக் குவித்த உப்பைப் பார்த்து, "இது பனியா?" என்றாள் பாப்பா. ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டதும் பதில் கிடைத்துவிட்டது. அந்த நேரத்துக்கே வெள்ளை கண்ணைக் கூசவைத்தது. அதற்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பாப்பாவைப் பார்த்துக் கையாட்டினார்கள். கூஜாவில் குளிர்ந்திருந்த தண்ணீரைக் கரையில் நின்றவருக்குக் கொடுத்தோம். "மானாமதுரப் பானையா?" என்று கேட்டார், குடித்த உடனே.

பதினொன்றுக்குள் திருச்செந்தூர் வந்துவிட்டோம். அறை 900. மதியச் சாப்பாடு கோயில் அன்னதானம். சாயங்காலம் கடலில் ஒரு மணி நேரம், பாப்பாவின் இடுப்பை நான் விடவே இல்லை. குடமுழுக்குக்குத் திருப்பணி நடந்துகொண்டிருந்தது, கோயிலைச் சுற்றிலும் வேலை. அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவதைக் காட்டினேன். அவளுக்கு அதில் ஆர்வமில்லை, நுங்கு வண்டியைக் கடற்கரை மணலில் தள்ள முடியவில்லை என்பதுதான் கவலை.

மே 16, வெள்ளி, இரவு, வீட்டில்

காலையில் பார்த்தால் முன் டயர் ஒன்று தரையோடு ஒட்டிக் கிடந்தது. நேற்று நிழலுக்காக ஒரு சீமைக்கருவேல மரத்தடியில் நிறுத்தியது நினைவுக்கு வந்தது. முள் தைத்து ராத்திரி முழுக்கக் காற்று இறங்கியிருக்கிறது. ஸ்டெப்னி மாற்றத் தெரிந்திருந்தது நல்லதாயிற்று. ஊருக்குப் புறப்படும் முன்பே வீட்டு வாசலில் ஒரு முறை கழற்றி மாட்டிப் பழகியிருந்தேன். பஞ்சர் கடைத் தம்பி முள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "ராம்நாடு பக்கம் போனீங்களாக்கா?" என்று கேட்டார். 120 ரூபாய். அந்தப் பக்கம் போகிறவர்கள் நிழலைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள், புளியோ வேம்போ பார்த்து நிறுத்துங்கள்.

அப்புறம் மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணல்மேடு, மேலே 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், கீழே முழங்காலளவு தண்ணீர் அசையாமல் கிடக்கிற ஒரு வளைவு. சின்னக் குழந்தைக்கு இதைவிட நல்ல கடல் கிடையாது. ஒன்பது மணிவரை சிப்பி பொறுக்கினாள். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்தே விட்டார்.

தூத்துக்குடியில் கொஞ்சம் மக்ரூனும் வீட்டுக்குக் கருப்பட்டியும். வெயில் ஏறியதும் ஒரு உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு, பக்கத்துப் பூங்காவில் மர நிழலில் துண்டு விரித்துப் படுத்தோம். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைக் காட்ட வேண்டும் என்று ரொம்ப ஆசைப்பட்டேன். பாப்பா ஆழ்ந்த தூக்கம், வண்டி வண்டி என்று ஏதோ முனகினாள். எழுப்ப மனம் வரவில்லை. அருப்புக்கோட்டை வழியாக மதுரை வந்து சேர்ந்தபோது மணி ஆறரை.

மே 17, சனி

கணக்கு எழுதிவிட்டேன். 650 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 3,480. டோல் 340. அறை இரண்டுக்கும் 1,600. சாப்பாடு, டீ, பார்க்கிங் எல்லாம் சேர்த்து 960. பதநீரும் நுங்கும் 200, மக்ரூனும் கருப்பட்டியும் 300, பஞ்சர் 120, கூஜா 150. மொத்தம் 7,150. கூடிப்போன 150 என் பானைக் காசு என்று சொல்லி அம்மா சுருக்குப்பையைத் திறந்து கொடுத்தார். கூஜா இப்போது சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது.

நுங்கு வண்டியின் சக்கரம் காய்ந்து சுருங்கி, துளை பெரிதாகிக் குச்சி ஆட ஆரம்பித்துவிட்டது. காலையில் பாப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள். அம்மா பழைய வேட்டியில் ஒரு கிழிசல் எடுத்து, குச்சியில் இறுக்கிச் சுற்றி மறுபடி செருகிக் கொடுத்தார். மொட்டைமாடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.