பின்பக்க கன்ட்ரோல் ஆர்ம் வாங்கும் முன்

கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து வண்டியைத் தாழ்த்தியவர்கள் அடுத்து தேடுவது ரியர் கன்ட்ரோல் ஆர்ம், அதாவது பின்சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கம்பி. முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். போலோ மாதிரி ட்விஸ்ட் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைச் சட்டம்) என்றால் மாற்ற ஆர்மே கிடையாது. ஆக்டேவியா ஆர்எஸ், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் போன்ற, ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் பல ஆர்ம்கள் உள்ள மல்டி லிங்க் வண்டிகளுக்குத்தான் இந்தப் பேச்சு.

தாழ்த்தினால் பின்சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து டயரின் உள்விளிம்பு தேயும். இந்தச் சாய்வுதான் கேம்பர். நீளத்தை மாற்றக்கூடிய கேம்பர் ஆர்ம் அதை நிமிர்த்தும். ஆனால் கேம்பரைத் தொட்டால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) நகரும். சக்கரத்தின் முன்பகுதி வெளியே திரும்பி டோ அவுட் ஆகிவிட்டால் குன்னூர் இறக்கத்தில் பிரேக்கோடு வளைவில் நுழையும்போது வண்டியின் வால் வெளியே வீசும், ஈர ரோட்டில் மிக ஆபத்து. டோவைத் திருத்த வழி இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

ஆர்மின் முனையில் இருக்கும் புஷ்ஷில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புஷ்ஷுக்குப் பதில் வரும் உலோக உருண்டை இணைப்பான ரோஸ் ஜாயின்ட்டுக்குள் நம்ம ஊர் மழையும் மண்ணும் புகுந்தால் சீக்கிரமே 'டொக் டொக்'. ரப்பர் பூட் (மூடும் உறை) இல்லாததைத் தொடாதீர்கள். முன்பின்னாக நீளும் டிரெய்லிங் ஆர்ம் பல திசையில் திரும்பும். அங்கே ரப்பரைவிடக் கடினமான பாலியூரிதேன் புஷ் இறுகிப் பிடிக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு ரப்பரே போதும்.

பழைய ஆர்மில் ஒரு முனைத் துளையின் மையத்திலிருந்து மறுமுனைத் துளையின் மையம் வரை அளந்து, புதியதை அதே நீளத்தில் வைத்து மாட்டுங்கள். ரப்பர் புஷ் போல்ட்டை ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது முழுதாக முறுக்கக் கூடாது. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கியபின்தான். இல்லையேல் ரப்பர் எப்போதும் முறுகியே நின்று கிழியும். அலைன்மென்ட் முடிந்ததும், ஆர்மின் நீளம் மாறாமல் பூட்டும் லாக் நட் மேல் பெயின்ட் கோடு போடுங்கள். 500 கி.மீ. ஓடியபின் கோடு விலகியிருந்தால் மறுபடி அலைன்மென்ட்.