அப்ளை வேறு, சேவ் வேறு: மில்லில் ஆறு சுவிட்ச் மாட்டிய கதை

போன மாத ஈபி ஷட்டவுன் முடிந்து சாயங்காலம் ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது. ஐந்து இருபதுக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன் போன் பண்ணினார். "சார், ரெண்டாம் நம்பர் ஸ்பின்னிங் பேனல்ல அந்தப் புது சுவிட்ச்சு இருக்குதில்லீங்க, அதுல எல்லா லைட்டும் ஒண்ணா அடிச்சுக்குதுங்க, நிக்கவே மாட்டேங்குது. நல்லதுங்களா, கெட்டதுங்களா?" கெட்டதுதான். அவர் சொன்னது கரண்ட் சுவிட்ச் இல்லை, மெஷின்களின் தகவலைக் கேபிள் வழியாகக் கொண்டுபோகிற நெட்வொர்க் சுவிட்ச். போய்ப் பார்த்தால் அந்தப் பேனல் மட்டுமில்லை, ஆறு பேனலிலும் அதே கூத்து. ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் (மில்லுக்குள் காற்றின் ஈரப்பதத்தைப் பார்த்துக்கொள்வது) ஸ்கிரீனில் எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் கோடு. புரொடக்ஷன் டேட்டா சர்வரில் ஒரு மெஷினும் இல்லை. மெஷின்கள் என்னவோ ஓடிக்கொண்டிருந்தன, அவற்றின் கன்ட்ரோலர் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது; தகவல்தான் எங்கும் போகவில்லை. மூன்று வாரம் பாடுபட்டு மாட்டிய நெட்வொர்க். மேனேஜர் சார் அன்றைக்குக் காலையில்தான் "நல்லா போகுதில்ல?" என்று கேட்டு, நானும் தலையாட்டியிருந்தேன்.

இது எப்படி நடந்தது என்பதற்கு முன்னால், அந்த மூன்று வாரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே வேலையை ஏதாவது ஒரு மில்லிலோ சாயப்பட்டறையிலோ யாராவது செய்துகொண்டிருப்பார்கள்.

எங்களுடையது உடுமலைப் பக்கம் ஒரு நூற்பாலை. பழைய நெட்வொர்க் என்று இருந்தது, ஆபீஸில் வைக்கிற எட்டு போர்ட் பிளாஸ்டிக் சுவிட்ச்தான், பேனலுக்குள் டேக் போட்டுக் கட்டி வைத்தது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வரிசையாகக் கேபிள். மெஷின் அதிர்வில் அடாப்டர் சாக்கெட்டிலிருந்து கழன்று வரும், பஞ்சு காற்றோட்டத் துளையை அடைத்துவிடும், கோடையில் பேனலுக்குள் கை வைக்க முடியாது. நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் இருப்பது எல்லாம் செத்த மாதிரிதான். அதனால் ஃபேன் இல்லாத, டின் ரெயிலில் (பேனலுக்குள் இருக்கிற உலோகப் பட்டையில்) மாட்டுகிற, செட்டிங் போட முடிகிற மேனேஜ்டு சுவிட்ச் ஆறு வாங்கி, ஃபைபரில் (வெளிச்சத்தில் தகவல் போகிற கண்ணாடி இழை கேபிளில்) வளையமாகப் போடலாம் என்று முடிவு. வளையம் என்றால் ஒரு இடத்தில் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றிப் போகும். மேனேஜ்மென்ட் ஒப்புக்கொள்ள ஆறு மாதம் ஆனது, அது தனிக் கதை.

முதல் இடி எஸ்எஃப்பி, அதாவது ஃபைபரை மாட்டுவதற்காக சுவிட்ச்சில் செருகுகிற சின்ன லேசர் துண்டு. ஃபைபர் இழுத்த கான்ட்ராக்டர் சிங்கிள்மோட் போட்டிருந்தார், மஞ்சள் கேபிள், நன்றாகவே ஸ்ப்ளைஸ் பண்ணியிருந்தார். நான் இன்டென்டில் (வாங்கச் சொல்லி ஸ்டோர்ஸுக்குக் கொடுக்கிற சீட்டில்) "எல்எக்ஸ், சிங்கிள்மோட், 1310" என்று எழுதிக் கொடுத்தேன், 1310 என்பது வெளிச்சத்தின் அலைநீளம், நானோமீட்டரில். ஸ்டோர்ஸில் கொட்டேஷன் ஒப்பிடும்போது, "ஒரு ஜிகா எஸ்எஃப்பி" என்று இன்னொரு கடையில் குறைந்த விலைக்கு இருக்கிறது என்று பன்னிரண்டும் அங்கே ஆர்டர் ஆகிவிட்டது. வந்தது எஸ்எக்ஸ், 850 நானோமீட்டர், மல்டிமோடுக்கானது. நான் பெட்டியைப் பார்க்காமல் மாட்டினேன், அது என் தப்பு. ஐந்து லிங்கில் விளக்கே எரியவில்லை, ஒன்றில் எரிந்து எரிந்து அணைந்தது. வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க செல்போன் கேமராவைக் காட்டினேன், லேசாக ஊதா நிறத்தில் புள்ளி தெரிந்தது, "லேசர் நல்லாத்தான் இருக்குது" என்று கான்ட்ராக்டரைத் திட்டப் போய்விட்டேன். அந்தப் புள்ளி தெரிந்ததே தப்பான சரக்கு என்பதற்கு அடையாளம்! 850 செல்போன் கேமராவில் தெரியும், 1310 தெரியாது. அந்த 850 லேசர் 50 மைக்ரான் கோருக்காக (வெளிச்சம் போகிற நடு இழைக்காக) செய்தது, சிங்கிள்மோட் கோர் 9 மைக்ரான்தான், பாதிக்குமேல் வெளிச்சம் வெளியே சிதறிவிடும். (வெறும் கண்ணை மட்டும் ஃபைபர் முனையில் வைக்காதீர்கள், தெரியாத வெளிச்சம்தான் ஆபத்து.)

பையைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூர் போனேன். கடையில் இருந்தவர் பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கேட்டதைத்தானே சார் குடுத்தோம்" என்றார். பி.ஓ.வில், அதாவது ஆர்டர் தாளில், சிங்கிள்மோட் என்ற வார்த்தையே இல்லை, சண்டை போடவும் வழியில்லை. ஒரு மணி நேரம் உட்கார வைத்து மாற்றிக் கொடுத்தார். திரும்பி வந்து மாட்டினால், இப்போதும் லிங்க் இல்லை. லேபிளைப் படித்தேன், 1310, சிங்கிள்மோட், எல்லாம் சரி, ஓரத்தில் சின்னதாக 155 என்று இருந்தது. 155 என்றால் 100 மெகாபிட் வகை. எங்கள் சுவிட்ச்சின் ஃபைபர் துளை ஜிகாபிட்டை மட்டும்தான் ஏற்கும், அதற்கு லேபிளில் 1.25 என்று இருக்க வேண்டும். இந்த முறை, "பெட்டி பிரிச்சுட்டீங்க சார், எடுக்க மாட்டோம்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். மூன்றாவது செட் வேறு இடத்திலிருந்து கூரியரில் வந்தது, மாட்டியதும் பச்சை. ஒன்றில் மட்டும் டிஎக்ஸ் ஆர்எக்ஸ் (அனுப்புகிற இழை, வாங்குகிற இழை) மாறியிருந்தது, திருப்பிச் செருகினேன்.

பவர் வயரிங்கில் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு விஷயம். இந்த மாதிரி சுவிட்ச்சில் 24 வோல்ட் இன்புட் ரெண்டு இருக்கும், ஒன்றை மட்டும் கொடுத்தால் ஃபால்ட் விளக்கு சிவப்பாகவே இருக்கும். அதை அணைக்க, அதே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (24 வோல்ட் கொடுக்கிற பவர் சப்ளையிலிருந்து) ஒரு துண்டு வயரை ரெண்டாவது இன்புட்டுக்கும் லூப் அடிக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. விளக்கு அணையும், பாதுகாப்பு ஒன்றும் வராது. ரெண்டாவது எஸ்எம்பிஎஸ் வாங்கக் காசில்லை என்றால் மெனுவில் அந்த அலாரத்தை அணைத்துவிடலாம், அதுவாவது நேர்மையாக இருக்கும். ஃபால்ட் ரிலேயை (கோளாறு வந்தால் வெளியே சிக்னல் கொடுக்கிற காண்டாக்டை) பேனல் கதவில் இருக்கிற விளக்குக்கு இழுக்கச் சொன்னேன், எலக்ட்ரீஷியன் அண்ணன் 230 வோல்ட் ஹூட்டரையே எடுத்து வந்துவிட்டார். அந்தக் காண்டாக்ட் தாங்குவது 24 வோல்ட், 1 ஆம்பியர். ஸ்க்ரூ முறுக்குவதற்கு முன் பார்த்தேன், பிழைத்தோம்.

ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, போடும்போது ஒரு மதியம் போனது. ஆறு சுவிட்ச்சும் பெட்டியிலிருந்து ஒரே ஐபியோடுதான் வரும், அதனால் ஒவ்வொன்றாக மேஜையில் வைத்துத்தான் போட வேண்டும், இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். முதலாவது முடிந்தது, ரெண்டாவதை மாட்டினால் பேஜ் திறக்கவில்லை. பவர் ஆஃப், ஆன், ரீசெட் பட்டன், கேபிள் மாற்றம், எல்லாம் ஆனது. சுவிட்ச்சே டெட் என்று வாரன்டிக்கு மெயில் எழுதவே உட்கார்ந்துவிட்டேன். லேப்டாப்பை நேராகச் செருகாமல் ஒரு சின்ன டெஸ்க் சுவிட்ச் வழியாகச் செருகியிருந்தேன், அதனால் அந்த ஐபிக்குப் பழைய சுவிட்ச்சின் மேக் அட்ரஸையே (சாதனத்தோடு பிறந்த அடையாள எண்ணையே) லேப்டாப் நினைவில் வைத்துக்கொண்டிருந்தது. அந்த நினைவை, ஏஆர்பி டேபிள் என்பதை, அழித்ததும் ஒரு நொடியில் திறந்தது. மெயிலை டிராஃப்டிலிருந்து அழித்தேன்.

அப்புறம் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட். அந்தப் பழைய ஸ்கிரீன் பிங் (இருக்கிறாயா என்று கேட்கிற சின்ன செய்தி) கொடுத்தால் ஒழுங்காகப் பதில் சொல்லும், ஆனால் டிரெண்ட் பேஜைத் திறந்தால் அரை நிமிடம் திணறும். சுவிட்ச்சில் அந்த போர்ட்டின் கணக்கைப் பார்த்தால் சிஆர்சி எரர் (சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே இருந்தது. பக்கத்திலேயே ஃபேன் டிரைவின் பவர் கேபிள் போகிறது, இன்வெர்ட்டர் நாய்ஸ்தான் என்று நானே தீர்ப்பு எழுதி, ரெண்டு ஃபிட்டரைப் போட்டு ஒரு முழு நாள் கேபிளைத் தனி டிரேயில் மாற்றி, ஷீல்டுக்கு எர்த்தும் கொடுத்தோம். எரர் ஒரு எண்கூடக் குறையவில்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது: பழைய சாதனமாயிற்றே, ஃபிக்ஸ் பண்ணி வைத்தால் நல்லது என்று, சுவிட்ச் போர்ட்டை 100 ஃபுல் டூப்ளெக்ஸில் (100 மெகாபிட், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்) நான்தான் கட்டி வைத்தேன். ஸ்கிரீன் ஆட்டோவில், அதாவது எதிர்ப்பக்கத்தோடு பேசி முடிவு செய்கிற முறையில், இருக்கிறது. எதிர்ப்பக்கம் பேசாவிட்டால் ஆட்டோவில் இருப்பது வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசுவது) போய்விடும். ஒருவன் கேட்டுவிட்டுப் பேசுகிறான், ஒருவன் கேட்காமலே பேசுகிறான், அப்புறம் எங்கே உருப்படும். போர்ட்டை ஆட்டோவுக்கு மாற்றினேன், எரர் அங்கேயே நின்றது. ஃபிட்டர்களிடம் காரணத்தைச் சொல்லவில்லை, "டிரே மாத்தினதுல சரியாயிடுச்சுங்க" என்று அவர்களே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இருக்கட்டும்.

விலேன் பிரித்தது (ஒரே சுவிட்ச்சில் போர்ட்களைத் தனித்தனி நெட்வொர்க்காக்குவது), பாஸ்வேர்டு மாற்றியது எல்லாம் ஒரு காலை வேலை. நீங்கள் லேப்டாப்பைச் செருகியிருக்கிற போர்ட்டை மட்டும் கடைசியாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் உட்கார்ந்திருக்கிற கிளையையே வெட்டிய கதைதான்.

இனி வளையம். எம்ஆர்பி என்கிற வளையப் பாதுகாப்பு முறை போட்டோம், ஐஇசி 62439-2 என்று தரம் இருப்பது, 50 சுவிட்ச் வரைக்கும் அறுந்த இடத்தை 200 மில்லி செகண்டுக்குள் சுற்றிப் போய்விடும். ஒரு சுவிட்ச் மேனேஜர், மற்றதெல்லாம் கிளையன்ட். மேனேஜர் தன் ஒரு போர்ட்டை அடைத்து வைத்திருப்பதால்தான் வளையம் வளையமாக ஓடாமல் இருக்கிறது. எல்லாவற்றிலும் செட்டிங் போடும்வரை ஒரு ஃபைபரைக் கழற்றியே வைத்து, கடைசியில்தான் செருகினேன். ஒரு பேட்ச் கார்டை (சுவிட்ச்சில் செருகியிருக்கிற குட்டி ஃபைபர் கேபிளை) உருவிப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்த பிங்கில் ஒன்றுகூடத் தவறவில்லை. மேனேஜர் சாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எந்தக் கேபிள் என்றுகூடப் பார்க்கவில்லை, ஆனால் எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

அந்தத் தலைக்கனத்தில்தான் தப்பு நடந்தது. வளையத்தின் மேனேஜராக ப்ளோரூம் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற இடம்) சுவிட்ச் இருந்தது. அங்கே பஞ்சு அதிகம், போக வர தூரம், அதனால் என் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிற ரெண்டாம் நம்பர் ஸ்பின்னிங் பேனல் சுவிட்ச்சை மேனேஜராக்கலாம் என்று கடைசி நாள் மாற்றினேன். ஒரு ஃபைபரைக் கழற்றி வைத்துவிட்டு, ப்ளோரூமைக் கிளையன்ட் ஆக்கி, அப்ளை அழுத்தி, சேவும் அழுத்தினேன். ஸ்பின்னிங்கை மேனேஜர் ஆக்கி, அப்ளை அழுத்தி, ஃபைபரைத் திரும்பச் செருகினேன். ஷிஃப்ட் சங்கு ஊதியது. வீட்டுக்குப் போய்விட்டேன். அப்ளை என்றால் இப்போது ஓடுகிற செட்டிங் மட்டும் மாறும், சேவ் கொடுத்தால்தான் அடுத்த பவர் ஆனுக்கு நிற்கும். பதினோரு நாள் ஒரு குறையும் தெரியவில்லை, ஏனென்றால் பதினோரு நாளும் பவர் போகவில்லை.

ஷட்டவுன் அன்றைக்கு ஜெனரேட்டர் போடாமல் மெயின்டெனன்ஸ் பார்ப்பது எங்கள் வழக்கம். கரண்ட் வந்ததும் ஸ்பின்னிங் சுவிட்ச் தன் பழைய செட்டிங்கோடு, அதாவது கிளையன்டாக, எழுந்தது. ஆறும் கிளையன்ட். அடைத்து வைக்க ஆளே இல்லாத வளையத்தில் ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட் (எல்லாருக்கும் அனுப்புகிற செய்தி) நுழைந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பெருகிக்கொண்டே இருக்கும். லைட் எல்லாம் ஒன்றாக அடித்தது அதுதான்.

இது எதுவும் அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. லேப்டாப்பைச் செருகினால் லாகின் பேஜே வரவில்லை, சுவிட்ச் பதில் சொல்ல முடியாத அளவுக்கு நெரிசல். பிளான்ட் ஆபரேட்டர் ஈர பல்பு, உலர் பல்பு தெர்மாமீட்டரைப் பார்த்து டேம்பரைக் கையால் திருப்பிக்கொண்டிருந்தார், நூல் அறுவது கூடுகிறது என்று ஸ்பின்னிங் மாஸ்டர் ரெண்டு தடவை வந்து நின்றார். பத்து நிமிடம் முழித்துவிட்டு, சரி வருவது வரட்டும் என்று ஒரு ஃபைபர் பேட்ச் கார்டை உருவினேன். அந்த வினாடியே ஆறு பேனலும் அமைதி. ஸ்கிரீனில் எண்கள் வந்தன. அதற்குப் பிறகு லாகின் பண்ணிப் பார்த்து, ரோல் பக்கத்தில் "கிளையன்ட்" என்ற வார்த்தையைக் கண்டு, கொஞ்ச நேரம் யாரிடமும் பேசவில்லை.

மேனேஜராக்கி, அப்ளை, சேவ், அப்புறம் அந்த சுவிட்ச்சின் பவரை நானே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்து, ரோல் அப்படியே இருப்பதை உறுதி செய்துவிட்டுத்தான் ஃபைபரைச் செருகினேன். ஆறையும் ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டுப் பார்த்ததில் கார்டிங் சுவிட்ச்சில் இன்னொரு செட்டிங்கும் சேவ் ஆகாமல் இருந்தது தெரிந்தது. ஆறு கான்ஃபிக் ஃபைலையும் பென்டிரைவில் எடுத்து, எது எந்தப் பேனல், எது மேனேஜர் என்று ஒரு பேப்பரில் எழுதி ஸ்பின்னிங் பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அதில் கீழே எலக்ட்ரீஷியன் அண்ணன் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "எல்லா லைட்டும் ஒண்ணா அடிச்சா மஞ்சள் ஒயர் ஒண்ணை உருவவும்."

இந்த மாத ஷட்டவுன் போன செவ்வாய். ஐந்து மணிக்கே பேனல் முன்னால் போய் நின்றுகொண்டேன். கரண்ட் வந்தது, விளக்குகள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குச் சிமிட்டின. அந்த 155 எஸ்எஃப்பி பன்னிரண்டும் இன்னும் என் டிராயரில்தான் இருக்கின்றன, மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போதெல்லாம் ஸ்டோர்ஸிலிருந்து "அது எப்ப சார் யூஸ் பண்ணுவீங்க?" என்று கேட்கிறார்கள். 100 மெகாபிட் ஃபைபர் போர்ட் இருக்கிற பழைய சுவிட்ச் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.