கடைக்காரரே கூரியர் ஆகும்போது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில், கடிதங்கள் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்துக்குக் கட்டாக வரும். தோட்ட எழுத்தரான கிராணி பிரித்து வைப்பார். வேலை முடிந்து வருகிறவர்கள் எடுத்துப் போவார்கள். இன்று அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு, ஷாப்பி, லஸாடா என்ற இணையக் கடைகளில் வாங்கிய பொருள்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகின்றன. பொருளை விற்கும் கடையே அதைச் சுமந்து வரவும் தொடங்கிவிட்டால் பழைய கூரியர் நிறுவனங்கள் தாக்குப்பிடிக்குமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நிறுவனங்கள் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். எந்த முகவரி யார் தலையில் விழும் என்பதில்தான் எனக்குக் கவலை.

அமெரிக்காவில் இந்தக் கதை ஓரளவு நடந்து முடிந்துவிட்டது. 2013 கிறிஸ்துமஸ் நெரிசலில் யூபிஎஸ் என்ற கூரியர் நிறுவனம் திணறி, இணையக் கடையான அமேசானின் பார்சல்கள் பல தாமதமாயின. அதன் பிறகு அமேசான் தனக்கென வரிசைப்படுத்தும் கூடங்களைக் கட்டியது, 2016 முதல் விமானங்களைக் குத்தகைக்கு எடுத்தது, 2018இல் சிறு ஒப்பந்ததாரர்களைக் கொண்டு வேன்களை ஓட்டும் திட்டத்தைத் தொடங்கியது. இன்னொரு கூரியர் நிறுவனமான ஃபெட்எக்ஸ் 2019இல் அமேசானுடனான உள்நாட்டு ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டது. 1907இல் தொடங்கிய யூபிஎஸ்ஸோ, அமேசானுக்காகச் சுமக்கும் பார்சல்களை 2026இன் இரண்டாம் பாதிக்குள் பாதிக்கும் மேல் குறைக்கப் போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. அமேசான் அதன் ஆகப் பெரிய வாடிக்கையாளர். ஆனால் அதிக லாபம் தரும் வாடிக்கையாளர் அன்று.

இதற்கான காரணம் எங்கள் ஊர்ச் சாலையிலேயே தெரியும். கூரியர் தொழிலில் செலவைத் தீர்மானிப்பது பொருளின் எடையைவிட, வண்டி எத்தனை இடங்களில் நிற்கிறது, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை பார்சல் இறங்குகிறது என்பதே. நகரத்துத் தாமான் எனும் குடியிருப்பில் ஒரே வரிசையில் பத்து வீடுகளுக்குப் பார்சல் இருக்கும். வண்டியின் எஞ்சினை அணைக்காமலேயே பாதி வேலை முடிந்துவிடும். தோட்டத்துக்குள் வரும் இளைஞரோ, செம்பனைக்கு நடுவே செம்மண் பாதையில் பல கிலோமீட்டர் வந்து, காவலாளியான ஜாகாவிடம் பெயர் சொல்லி, தெருப் பெயரே இல்லாத லயத்தைத் தேடிப்பிடித்து ஒரே ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதனால்தான் பலர் வாசலிலிருந்தே அழைக்கிறார்கள்: "அண்ணே, ஆபீஸ்ல வெச்சிட்டுப் போகட்டுமா, வீட்டுக்கே வரணுமா?" சிலர் மளிகைக் கடையில் விட்டுச் செல்கிறார்கள். அங்கே அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் பைகள் குவிந்திருக்கும். ஒவ்வொன்றின் மேலும் தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதப்பட்டிருக்கும்.

எந்தப் பார்சல் எங்கே போகிறது என்பது புறப்படும் முன்பே கடைக்குத் தெரியும். ஆகவே அது அடிக்கரும்பைத் தன் வண்டிக்கு எடுத்துக்கொண்டு நுனிக்கரும்பை மற்றவர்களிடம் தள்ளிவிட முடியும். கூரியர் நிறுவனத்துக்கு அந்தத் தேர்வு இல்லை. சம்பளமும் எண்ணெய்ச் செலவும் அப்படியே இருக்க, நகரத்துப் பார்சல்கள் குறையக் குறைய, மிஞ்சிய ஒவ்வொன்றையும் சேர்ப்பதற்கான செலவு ஏறிக்கொண்டே போகும்.

நம் நாட்டில் இது இன்னும் கூர்மையானது. போட்டியில் கட்டணங்கள் சரிந்ததால், தொடர்பு பல்லூடக ஆணையம் 2020இல் புதிய கூரியர் உரிமங்களை ஈராண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. ஷாப்பிக்கும் லஸாடாவுக்கும் சொந்த விநியோகப் பிரிவுகள் உள்ளன. தேசிய அஞ்சல் நிறுவனமான போஸ் மலேசியாவோ எல்லா மூலைக்கும் சேவை செய்யும் கடமையைச் சுமந்துகொண்டு, கடிதங்கள் குறைந்துபோன நிலையில், பல ஆண்டுகளாக நட்டக் கணக்குக் காட்டி வருகிறது. இந்தோனேசியாவில், கூரியர் தேர்வில் தன் சொந்த நிறுவனத்துக்குச் சலுகை காட்டியதாக எழுந்த வழக்கில், ஷாப்பி 2024இல் நடைமுறையை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டது. அந்த அளவு விழிப்பு இங்கும் வேண்டும்.

கடைகள் சுமப்பதைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன் முறுக்கும் சேலையும் இணையத்தில் விற்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் குறைந்த அனுப்புக் கட்டணம் பெரிய உதவி. கிராமப்புற விநியோகத்தை விரிவாக்க 2026க்குள் 4 பில்லியன் டாலர் செலவிடுவதாக அமேசானே அறிவித்திருக்கிறது. மனம் வைத்தால் கடைகளாலும் உள்ளே வர முடியும். ஆனால் மனம் வைப்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் உட்புறப் பகுதிகளின் சேவைக்காகத் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை நிதியாகச் செலுத்துகின்றன. பெருமளவில் பார்சல் சுமக்கும் கடைகளிடமும் அப்படி ஒரு பங்கைக் கேட்பது நியாயமே. அந்தப் பணத்தை யாருடைய நட்டத்தையும் மொத்தமாக ஈடுகட்டப் பயன்படுத்தாமல், லயத்து வாசல் வரை வந்து சேர்க்கும் ஒவ்வொரு பார்சலுக்கும் இவ்வளவு என்று, யார் சேர்த்தாலும் அவருக்கே கொடுக்க வேண்டும்.