மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்து கோல்ஃப் மைதானம்

தென்னாப்பிரிக்காவில் கோல்ஃப் எஸ்டேட்டில், அதாவது கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய வேலியிட்ட குடியிருப்பில், வீடு வாங்குகிறவர்கள் எல்லாரும் கோல்ஃப் ஆடுகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பலர் மட்டையைத் தொட்டதே கிடையாது. மின்வேலி, வாசலில் காவல், ராத்திரி ரோந்து, இதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள். புல்வெளி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ள. டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோமில் என்னைத் தங்க வைத்த ஆண்ட்டியும் அந்த ரகம்தான். என்னோடு வேலை பார்த்த நண்பனின் பெரியம்மா. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கோல்ஃப் பிடிக்குமா என்று கேட்டதற்கு, "பந்து என் சமையலறை ஜன்னலை உடைக்காத வரைக்கும் பிடிக்கும்" என்றார். தோட்டத்தில் வந்து விழும் பந்துகளைப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்.

உள்ளே போவதே ஒரு சடங்கு. ஆண்ட்டியின் போனுக்கு ஒரு எண் வருகிறது, அதை அவர் எனக்கு அனுப்புகிறார், நான் அதைக் காவலரிடம் சொல்ல வேண்டும். அவர் கையடக்கக் கருவி ஒன்றால் காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் உரிம வில்லையைப் படிக்கிறார். அடுத்து டிரைவரின் லைசென்ஸ். அப்புறம் நான். என் பாஸ்போர்ட்டை அந்தக் கருவி ஏற்கவில்லை. காவலர் ஒரு நோட்டை எடுத்து, என் பெயரோடு அப்பா பெயரையும் எழுத்துக் கூட்டி எழுதி முடிப்பதற்குள் பின்னால் வரிசையாகக் கார்கள் நின்றுவிட்டன. ஊபர் டிரைவர் ஜூலு இளைஞர். "இதைவிட நாட்டுக்குள்ளே வந்தது உங்களுக்குச் சுலபமா இருந்திருக்கும்" என்றார். உண்மைதான்.

உள்ளே மரங்களும் குளங்களும் நடுவில் வளைந்து போகும் சாலைகளும். வேக வரம்பு 40 கிலோமீட்டர். வீடுகளுக்குச் சுற்றுச்சுவர் பெரிதாக இல்லை. டர்பனின் மற்றப் பகுதிகளில் சுவர் மேல் முள்கம்பி பார்த்துப் பழகியவர்களுக்கு இதுதான் முதலில் கண்ணில் படும். ஆளுக்கொரு கோட்டை கட்டாமல், எல்லாரும் சேர்ந்து ஒரே பெரிய கோட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு எஸ்டேட்டுகள், இரண்டு பதினெட்டுக் குழி மைதானங்கள். ஒன்றுக்கு 'வுட்ஸ்', இன்னொன்றுக்கு 'லேக்ஸ்' என்று பெயர். வுட்ஸ்தான் பழையது, கரும்புத் தோட்டக் காலத்தது. லேக்ஸ் எஸ்டேட்டோடு பின்னால் வந்தது.

ஆமாம், இது முழுக்கக் கரும்புக்காடாக இருந்த இடம். கேம்ப்பெல் குடும்பத்தின் நேட்டால் எஸ்டேட்ஸ் கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்தின் மார்ஷல் கேம்ப்பெல் பெயரில்தான் பக்கத்தில் இருக்கும் குவாமாஷு என்ற பெரிய குடியிருப்பே இருக்கிறது. பிற்காலத்தில் நிலம் டொங்காட் ஹியூலெட் என்ற சர்க்கரைக் கம்பெனியின் கையில் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அவர்களுடைய மனைத் தொழில் கம்பெனி, சர்க்கரையைவிட வீட்டுமனையில் லாபம் அதிகம் என்று கணக்குப் போட்டு இந்த எஸ்டேட்டை உருவாக்கியது. ஆலையும் அந்தப் பத்தாண்டிலேயே மூடிவிட்டது. வடக்குக் கடற்கரை முழுக்க இதே கதைதான். பாலிட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜிம்பாலியும் கரும்பு விளைந்த மண்ணில் எழுந்த கோல்ஃப் எஸ்டேட்தான்.

கரும்பு வெட்டியது யார் என்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் சுமார் 1,52,000 பேர். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள், தமிழர்களும் தெலுங்கர்களும். ஆண்ட்டியின் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்தவர் என்று வீட்டில் ஒரு காகித நகல் இருக்கிறது. ஆண்ட்டியே ஆலை வேலைக்காரர்களின் வரிசைக் குடியிருப்பில் பிறந்தவர். சமையலறை ஜன்னலிலிருந்து கையை நீட்டி, "அந்த மரத்துக்குப் பின்னால, ரோட்டைத் தாண்டி" என்று காட்டினார். எனக்கு மரம் மட்டும்தான் தெரிந்தது.

கோவைக்காரனான எனக்கு இந்த ஊரைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. எஸ்டேட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஃபிளாண்டர்ஸ் டிரைவில், தென்னாப்பிரிக்கக் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் தொடங்கியது. நேட்டாலின் குளிரில் கரும்பு பூத்தாலும் விதை பிடிப்பது அரிது. அதனால் விதையை நம்ம கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்திலிருந்து வரவழைத்தார்கள். கோவையில் கலப்பு செய்த விதை இங்கே முளைத்து, அதிலிருந்து பொறுக்கி எடுத்த ரகம் என்கோ 310. 'என்' என்பது நேட்டால், 'கோ' என்பது கோயம்புத்தூர். 1945இல் வெளியானது, தென்னாப்பிரிக்காவைத் தாண்டி மற்ற நாடுகளுக்கும் போனது. அதற்குப் பின் 1955இல் வந்த என்கோ 376 பல பத்தாண்டுகள் இந்த நாட்டுக் கரும்புத் தோட்டங்களை ஆண்டது. ஆளும் நம்மூர், கரும்பும் நம்மூர். நிலையத்தின் வேலியோரம் சோதனைப் பாத்திகளில் ஆளுயரக் கரும்பு நிற்கிறது. கோல்ஃப் எஸ்டேட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் பழைய பயிரைப் பார்க்க அந்த இடம்தான் மிச்சம்.

சரி, எஸ்டேட் வாழ்க்கைக்கு வருவோம். இங்கே எல்லாவற்றுக்கும் விதி உண்டு. வீடு வாங்கினால் உரிமையாளர் சங்கத்தில் கட்டாயம் உறுப்பினர். மாதச் சந்தா கட்ட வேண்டும், கூரை நிறத்திலிருந்து குப்பைத் தொட்டி வரை சங்கம் சொல்வதைக் கேட்க வேண்டும். குப்பைத் தொட்டி விஷயத்தில் நான் சங்கத்தின் பக்கம். வெர்வெட் குரங்குகள் கூட்டமாக வந்து, பூட்டாத தொட்டியைக் கவிழ்த்து, வாழைப்பழத் தோலை ஆற அமர உட்கார்ந்து பிரித்துப் பார்க்கின்றன. ஆண்ட்டி சமையலறை ஜன்னலைத் திறக்கும் முன் மேலே மரக்கிளையை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் திறப்பார். கறிவேப்பிலைக் கன்றைத் தெருவுக்குத் தெரியாமல் பின்கட்டில், துணி காயப்போடும் சுவருக்குள் வைத்திருக்கிறார். முன்பக்கம் உள்ளூர் மரம் செடிகள் மட்டும்.

இந்த விதிகளில் ஒன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. எஸ்டேட்டுக்குள் ஒரு வீட்டுக்காரரின் மகள் 40க்கு மேல் வேகமாக ஓட்டினார் என்று சங்கம் அபராதம் போட்டு, சந்தாக் கணக்கில் சேர்த்துவிட்டது. தெருவில் அபராதம் போட நீங்கள் யார், போலீஸா என்று அந்த வீட்டுக்காரர் வழக்குத் தொடுத்தார். 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அவர் சொன்னது சரி என்றது. இவை பொதுச் சாலைகள், சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் எஸ்டேட்டுக்குள் நடந்து போவதற்கு இருந்த கட்டுப்பாடுகளையும் அந்த நீதிமன்றம் செல்லாது என்றது. 2019 மார்ச்சில் ப்ளூம்ஃபொன்டெயினில் இருக்கும் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சாலை விஷயத்தைத் திருப்பிப் போட்டது. வெளியார் இஷ்டத்துக்கு நுழைய முடியாத சாலை பொதுச் சாலை ஆகாது, வீடு வாங்கும்போதே விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அது ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் எந்த எஸ்டேட் கூட்டத்திலும் இந்த வழக்கின் பெயர் அடிபடும்.

வேக அபராதம் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் தெரு. ஆனால் வேலைக்காரர்கள் நடக்கக் கூடாது என்ற விதியை எந்த மனசோடு ஒரு கமிட்டி உட்கார்ந்து எழுதியிருக்கும் என்று கேட்டேன். ஆண்ட்டி தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "எங்க தாத்தா காலத்துல இந்த நிலத்தை விட்டு வெளியே போகணும்னா சர்தார்கிட்ட சீட்டு வாங்கணும். இப்போ உள்ளே வர்றவனுக்கு நான் சீட்டு கொடுக்கிறேன். எங்களுக்கு அது நல்லாத்தான் இருக்கு, அதுதான் பிரச்சினை." சர்தார் என்றால் கங்காணி. கூலிகள் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டினால் கைது என்பது அந்நாளையச் சட்டம். 1913 நவம்பரில், காந்தி தொடங்கிய வேலைநிறுத்தம் வடக்குக் கடற்கரைக்குப் பரவியபோது, இந்த மவுண்ட் எட்ஜ்கோம் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. செல்வன், பச்சையப்பன், ராகவன் என்று இறந்தவர்களின் பெயர்களைப் படித்தால் நம்மூர் வாக்காளர் பட்டியலைப் படிப்பது மாதிரி இருக்கும். எஸ்டேட்டுக்குள் நான் பார்த்த தெருப் பலகைகள் எதிலும் அந்தப் பெயர்கள் இல்லை.

காலை ஆறரைக்கு வாசல் பக்கம் நடந்தால் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் மினிபஸ் டாக்ஸியிலிருந்து இறங்கி உள்ளே வருவதைப் பார்க்கலாம். தலைக்கு மேல் ஹடேடா என்ற நீள மூக்குப் பறவை தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போகும். அந்தச் சத்தத்துக்கு அலாரமே தேவையில்லை. சாயங்காலம்தான் எஸ்டேட் உயிர் பெறும் நேரம். ஆட்டக்காரர்கள் குறைந்ததும் கோல்ஃப் வண்டிப் பாதையில் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். நாய்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள், சல்வார் அணிந்த பாட்டிகள், வெள்ளைக்கார முதியவர்கள், ஜூலு வக்கீல் தம்பதி. 1950இன் குடியிருப்புப் பிரிவினைச் சட்டம் நடப்பில் இருந்தபோது இவர்கள் ஒரே தெருவில் வீடு வாங்கியிருக்க முடியாது. அது நீங்கியது 1991இல்தான். பணம் இருந்தால் போதும் என்பது முன்னேற்றமா என்று கேட்டால், முன்னேற்றம்தான், பணம் இருக்கிறவர்களுக்கு.

நடக்கும்போது பேச்செல்லாம் தண்ணீர், மின்சாரம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது என்று ஆகிவிட்டது. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. முன்பு அழகைக் கெடுக்கும் என்று முகம் சுளித்த சூரியத் தகடுகள் இப்போது கூரைக்குக் கூரை. பச்சை நிற ஜோஜோ தண்ணீர்த் தொட்டிகளைச் செடிகளால் மறைத்து வைத்திருக்கிறார்கள். தீபாவளி சமயத்தில் பேச்சு பட்டாசுக்குத் திரும்புமாம். நாய் வளர்ப்பவர்களுக்கும் வெடிப்பவர்களுக்கும் டர்பன் முழுக்கவே வருடா வருடம் நடக்கும் சண்டை அது. ஆண்ட்டியிடம் நாயும் உண்டு, கம்பி மத்தாப்பும் உண்டு.

கிளப் உணவகத்தில் ஒருநாள் மதியம் ஆட்டுக்கறி பன்னி சவ் சாப்பிட்டோம். ரொட்டியின் நடுவைக் குடைந்து கறிக்குழம்பை ஊற்றித் தருவது. டர்பன் இந்தியர்கள் உலகுக்குக் கொடுத்தது. ஆண்ட்டி ஸ்பூனை ஒதுக்கிவைத்துக் கையால்தான் சாப்பிட்டார். பக்கத்து மேஜையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இந்திய வம்சாவளி. கோல்ஃப் வீரர் பாப்வா ஸ்யுகோலம் இதைப் பார்த்திருக்க வேண்டும். டர்பனில் பிறந்து, ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்குபவராக இருந்து, கைகளை மாற்றிப் பிடித்து ஆடக் கற்றவர். டச்சு ஓபனை மூன்று முறை வென்றவர். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபனை வென்றபோது வெள்ளையர் அல்லாதவர் கிளப் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது என்று மழையில் வெளியே நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். வெள்ளையர்கள் உள்ளே இருந்தார்கள். 1965இல் அதே போட்டியில் கேரி பிளேயரையே தோற்கடித்தார். 1978இல் இறந்தார். அந்த உணவகத்தில் அவருடைய படம் இருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை.

கோயில்கள் பழைய ஆலைப் பக்கம், காரில் சில நிமிடம். மாரியம்மன் கோயில் 1890இல் தொடங்கியது. பக்கத்திலேயே அந்த நூற்றாண்டின் கடைசியில் கிஷ்டப்ப ரெட்டி கட்டிய பிள்ளையார் கோயில். நாங்கள் போன வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம் இல்லை. மக்காச்சோள மாவில் காய்ச்சிய கூழ், வேப்பிலை, எலுமிச்சை மாலை. ஒரு பெண்மணி கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். ழகரம் எல்லாம் வேறு மாதிரி வந்தது. ராகம் அப்படியே இருந்தது. நான் கூடவே முணுமுணுத்ததும் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, சரியாகச் சொல்கிறேனா என்று கண்ணாலேயே கேட்டார். எங்கள் ஊர்ப் பண்டிகைகளிலேயே பாதிப் பேர் வாயசைப்புதான் என்று சொல்லலாமா என யோசித்து, சொல்லவில்லை.

புதிது என்று பார்த்தால் எல்லாம் நெடுஞ்சாலைப் பக்கம். என்2 சாலையும் எம்41 சாலையும் சேரும் இடத்தில் பாலத்தின் மேல் பாலம். அதைத் தாண்டினால் கோர்னூபியா. மாநகராட்சியும் டொங்காட் ஹியூலெட்டும் சேர்ந்து, கரும்புக்காட்டில் எளியவர்களுக்கான வீடுகளும் கிடங்குகளும் கடைகளுமாக எழுப்பிய புதிய நகரம். 2017இல் திறந்த பெரிய மால் அங்கே இருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது அங்கிருந்த ரசாயனக் கிடங்கு எரிந்து, நஞ்சு கலந்த நீர் ஓடை வழியாக உம்ஷ்லாங்கா கழிமுகம் வரை போய் மீன்களைக் கொன்றது. 2022 அக்டோபரில் டொங்காட் ஹியூலெட்டே கடனில் மூழ்கி, நீதிமன்றம் மேற்பார்க்கும் மீட்பு நடைமுறைக்குள் போனது. நிலத்தை விற்றுக்கொண்டே வந்த கம்பெனி அது. இருந்தாலும் உம்ஷ்லாங்காவுக்கு வடக்கே, சிபாயா பக்கம், கடலைப் பார்த்த அடுக்குமாடிகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு கோல்ஃப் மைதானம் கிடையாது. காவலும் வேலியும் நடைபாதையும் மட்டும். கோல்ஃபுக்கு ஒதுக்கும் நிலமும் தண்ணீரும் வீண் என்று கட்டுமானக்காரர்களுக்கும் புரிந்துவிட்டது போல. ஆண்ட்டி அந்த அடுக்குமாடிகளின் விளம்பரத் தாளைச் சமையலறையில் வைத்திருந்தார், வேர்க்கடலை தோல் உரிக்க.

போக நினைப்பவர்களுக்கு: உள்ளே யாராவது அழைத்தால்தான் எஸ்டேட் வாசல் திறக்கும், பாஸ்போர்ட் அவசியம். கோயிலுக்கு யாரும் போகலாம். மாரியம்மன் திருவிழா பெரிய வெள்ளியன்று, ஈஸ்டர் விடுமுறையில். கரும்புத் தோட்டத்தில் கூலிகளுக்கு விடுமுறை கிடைத்த நாள் அது, அதனால் அம்மனுக்கும் அன்றைக்கே. நாடெங்கும் இருந்து ஆயிரக்கணக்கில் வருவார்கள். விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள், அப்புறம் காரை நிறுத்த இடம் கிடைக்காது.